சின்ன முதல், பெரிய சந்தை

கேள்வி: கையில் இருப்பது சின்னத் தொகைதான். பெரிய கம்பெனிகள் மொய்க்கும் சந்தையில் சிறுதொழில் தாக்குப்பிடிக்குமா? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: தாராளமாக! பெரியவர்கள் நுழையாத சந்து எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மாவட்டத்துத் திருத்தங்கல்காரர் ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் தயாரித்தார். விற்பனை தள்ளுவண்டியில். பெரிய பிராண்டுகள் பட்டணத்துக் கடைகளைப் பிடித்து வைத்திருந்ததால், கல்லூரி விடுதிகளையும் பிறகு சின்ன ஊர்களையும் தேடிப் போனார். பிராண்டுகள் எட்டிப்பார்க்காத ஊரிலும் வெயில் அடிக்கத்தானே செய்யும்! அந்தக் குச்சி ஐஸ்தான் அருண் ஐஸ்கிரீம் ஆனது, ஹட்சன் பால் நிறுவனமாக வளர்ந்தது.

லிஜ்ஜத் அப்பளத்தின் முதல் இன்னும் சிறியது. 1959-இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன், ஒரு மொட்டைமாடி. கடை திறக்கவில்லை, தெரிந்த வியாபாரியிடம் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். கடன் வாங்கினார்களே தவிர, நன்கொடை வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள்.

ஆகவே மெஷின் வாங்குமுன் கொஞ்சம் சரக்கைக் காசுக்கு விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்களின் பாராட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தெரியாதவர் இரண்டாவது முறை வந்து கேட்கிறாரா என்று பாருங்கள். வீட்டுச் செலவுக்கும் கல்லாவுக்கும் தனித்தனிக் கணக்கு கட்டாயம். கடனுக்குச் சரக்கு கொடுத்தால் பணம் திரும்பும் தேதியை எழுதி வாங்குங்கள்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். கட்டணம் கேட்கும் தரகரை நம்ப வேண்டாம். மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் கேட்கலாம். உணவுப்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டே விற்பனையைத் தொடங்குங்கள்.