தேறாத சரக்கு

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் கால்பந்து ரசிகர் ஒருவராவது இருப்பார். சென்னையின் எஃப்சி இந்த வருஷம் யாரை எடுத்திருக்கிறது என்று கேட்டால், "எவனையாவது எடுத்திருப்பாங்க" என்று டீயை உறிஞ்சுவார். பெங்களூரு யாரை எடுத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். பெயர், வயது, போன சீசனில் போட்ட கோல், எந்த முழங்காலில் எந்த வருஷம் ஆபரேஷன், எல்லாம் கடகடவென்று வரும். கடைசியில் தீர்ப்பு வரும்: "சரக்கு தேறாதுடா."

இந்த ரசிகர்களில் நான் அறிந்த தலையானவர், ஒரு மெஷின் ஷாப்பில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவர். வெளியிலிருந்து வரும் காஸ்டிங்கை வெர்னியரால் அளந்து ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்றை எழுதுவது தொழில். அதையே செய்து செய்து, எது வந்தாலும் குறை எங்கே என்றுதான் அவர் கண் முதலில் போகும். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கேசரியில் முந்திரி எல்லாம் ஒரே பக்கமாக இருக்கிறது என்று சொன்னவர்.

கிளப்புகள் ஆள் எடுக்கும் மாதங்களில் அவர் சட்டைப் பையில் பழைய ஜாப் கார்டு ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு அதே மூன்று கட்டங்கள். ரிஜெக்ட் கட்டம் மட்டும் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அகலம். ஓகே கட்டத்தில் நான் பார்த்தது ஒரு டீக்கறையை மட்டும்தான்.

2024 ஜூலையில் மோகன் பகான் ஜேமி மெக்லாரனை எடுத்தது. ஆஸ்திரேலிய லீகின் வரலாற்றிலேயே அதிக கோல் போட்டவர். மெல்போர்ன் சிட்டியோடு ஒப்பந்தம் முடிந்து, ஃப்ரீ ஏஜென்டாக வந்தார். கடையில் பையன்கள் ஆடிப்போனார்கள். நம் இன்ஸ்பெக்‌ஷன் அண்ணன் அசையவில்லை.

"வயசு இன்னா?"

"இந்த மாசம் 31 ஆவுதுண்ணா."

"முடிஞ்சுது கதை. கொல்கத்தா புழுக்கத்துல பத்து மேட்ச் தாங்க மாட்டான். எழுதிக்கோ."

அதே கோடையில் நம் சென்னையின், பஞ்சாபில் ஆடிக்கொண்டிருந்த வில்மர் ஜோர்டான் கில்லைக் கொண்டுவந்தது. அவருக்கு வயது 33. ஒரு பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொல்லிவிட்டான். "அது அனுபவம்டா" என்றார் அண்ணன். 31க்கும் 33க்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் கிழடு அனுபவமாக மாறிவிடுகிறது. அந்த இடம் அவருக்கு மட்டும் தெரியும்.

சுனில் சேத்ரியைப் பல வருஷமாக வயதைக் காட்டியே ரிஜெக்டில் போட்டு வந்தார். 2024-25 சீசனில் நாற்பது வயதில் அந்த மனிதர் பெங்களூருவுக்காகப் பதினான்கு கோல் போட்டார். "நாட்டுல வேற ஸ்ட்ரைக்கரே இல்லன்னு அர்த்தம்" என்று அதையும் இந்தியக் கால்பந்தின் கணக்கில் எழுதிவிட்டார்.

ஃப்ரீ ஏஜென்ட் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "இதுல இன்னாடா ஃப்ரீ? சம்பளத்தை உங்க மாமனாரா குடுப்பாரு?" என்பார். நியாயமான கேள்விதான். ஒப்பந்தம் முடிந்தவனுக்காகப் பழைய கிளப்புக்குப் பைசா தர வேண்டாம்; மிச்சமான அந்தப் பணமெல்லாம் சம்பளத்திலும் கையெழுத்துப் பணத்திலும் போய்விடும். போஸ்மான் என்ற பெல்ஜியத்து ஆட்டக்காரர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995 டிசம்பரில் வாங்கித் தந்த உரிமை அது. அதற்கு முன்பு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்டு ஆளைப் பிடித்து வைத்திருக்கலாம். இதை அண்ணனிடம் சொன்னால், "காசுக்காகக் கிளப்ப மாத்துறவன் எல்லாம் ஒரு பிளேயரா?" என்று முகம் சுளிப்பார். அவரே மூன்று கம்பெனி மாறியவர், ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்ததற்காக. எஸ்டேட்டில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை, எல்லோரும் அந்தக் கேட் வழியாக வந்தவர்கள்தான்.

அவருடைய பிரம்மாஸ்திரம் பாரிஸ் கதை. 2021 கோடையில் பிஎஸ்ஜி மெஸ்ஸி, ரமோஸ், டோனாரும்மா, வைனால்டம் என்று நாலு பேரையும் ஒப்பந்தம் முடிந்தவர்களாகவே வாரிக்கொண்டது. அடுத்த மார்ச்சில் ரியல் மாட்ரிட்டின் பென்சிமா ஹாட்ரிக் அடித்து, சாம்பியன்ஸ் லீகில் பதினாறு அணிச் சுற்றோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மெஸ்ஸியும் நெய்மரும் எம்பாப்பேயும் போன பிறகு, 2025இல், அதே பிஎஸ்ஜி இறுதியில் இன்டரை 5-0 என்று துவைத்துக் கோப்பையை வாங்கியது. "பேரு ஆடாதுடா, காலு ஆடணும்" என்பார். கொச்சி யாரை எடுத்தாலும், கோவா யாரை எடுத்தாலும் இந்தக் கதை ஒருமுறை ஓடும். கடைக்காரருக்கே மனப்பாடம்.

பையன்கள் அவரைப் படித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை "தேறாது" என்றால் ஆள் நிஜமாகவே சுமார். மூன்று தடவை சொன்னால் நல்ல ஆட்டக்காரன். "அவனுக்குக் குடும்பத்துல பிரச்சனைன்னு கேள்விப்பட்டேன்" என்று தணிந்த குரலில் சொன்னால், அந்த அணியோடு நமக்கு மேட்ச் எப்போது என்று அட்டவணை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மெக்லாரனுக்கு அண்ணன் குடும்பப் பிரச்சனை வரை போனார். அந்த சீசனில் மோகன் பகான் லீக் ஷீல்டையும் வாங்கியது, கோப்பையையும் வாங்கியது. 2025 ஏப்ரல் 12 இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில், 96ஆவது நிமிஷம் பெங்களூருவுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டவர் அதே மெக்லாரன். நம் சென்னையின் எஃப்சி பதிமூன்று அணிகளில் பதினோராவது.

"அதெல்லாம் கோலாடா? அவன் நிக்கிற எடத்துக்குப் பந்து வந்துச்சு."

"அங்க நிக்கத்தான்ணா அவனுக்குச் சம்பளம்."

அன்றைக்கு டீக்கு அண்ணன் காசு கொடுக்கவில்லை.

தமிழ்ப் பையன்கள் விஷயத்தில் மட்டும் வெர்னியர் வேலை செய்யாது. 2023 ஆகஸ்டில் சென்னைப் பையன் நந்தகுமார், ஈஸ்ட் பெங்காலுக்குப் போன சூட்டோடு மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் போட்டுக் கொல்கத்தாவின் பாதியை ரோட்டில் ஆடவிட்டார். "பாத்தியா, நம்ம மண்ணு" என்று அண்ணன் அன்று மெதுவடை வாங்கித் தந்தார். பெங்களூருவின் சிவசக்தி சிவகங்கைச் சீமைக்காரர். அவர் கோல் போட்டால் கார்டில் எங்கே எழுதுவது என்று தெரியாமல் அண்ணன் ஓரத்தில் எழுதுகிறார். நேரு ஸ்டேடியத்தில் தோற்றுவிட்டு மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி லோக்கலைப் பிடித்து வரும் இரவுகளில், வண்டி வியாசர்பாடி ஜீவாவில் நிற்கும்போது அவர் தவறாமல் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார். "இங்க எறங்கி நாலு பசங்களக் கூட்டிக்கினு போயிருந்தா இந்த அசிங்கம் உண்டா?" அந்தப் பேட்டைப் பையன்கள் பந்து ஆடுவதைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். நானும் மறுப்பதில்லை. கொரட்டூர் வரை வேறு பேச்சிருக்காது.

நம்மிடமிருந்து எதிரணிக்குப் போகிறவன்தான் கஷ்டம். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 2019-20இல் நமக்காகப் பதினைந்து கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கிவிட்டு, கோச் ஓவன் கோயிலோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அண்ணன் ஸ்கிராப் என்று எழுதினார், ரிஜெக்டைவிடக் கீழே. 2020 நவம்பரில் அந்த ஸ்கிராப் முதல் ஆட்டத்திலேயே நமக்கு எதிராகத் தலையால் ஒன்று போட்டது. நல்லவேளை, 2-1 என்று நாம் ஜெயித்தோம். 2022 ஜனவரியில் அவரே சென்னைக்குத் திரும்பியபோது, ஒரு பையன் பழைய கார்டை எடுத்து நீட்டினான்.

"சரியாப் படிடா. ரிட்டர்னபிள் கேட் பாஸ்னு போட்டிருக்கேன். வெளிய வேலைக்குப் போன சரக்கு, திரும்பி வரணும்."

அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

2025 ஜூலையில் அவருக்குச் சோதனைக் காலம். கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தப் புதுப்பிப்பில் இழுபறியாகி, ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் உட்படச் சில கிளப்புகள் கடையைப் பாதி சாத்திவிட்டன. பல கிளப்புகள் யாரையும் எடுக்கவில்லை, ரிஜெக்ட் பண்ணச் சரக்கே சரியாக வரவில்லை. அண்ணன் டீக்கடையில் வடையின் வட்டத்தை அளந்துகொண்டிருந்தார்.

நவம்பரில் ஐபிஎல் கைகொடுத்தது. சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டு, ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பியது சிஎஸ்கே. கார்டு வெளியே வந்தது. பையன்கள் சுற்றி நின்றார்கள்.

"ஜடேஜாவுக்கு அடுத்த மாசம் 37 ஆவுதுண்ணா. இப்ப எதிர் டீம். எந்தக் கட்டம்?"

அண்ணன் பேனாவைத் திறந்தார், மூடினார். 2023 அகமதாபாத் பைனலில் கடைசி இரண்டு பந்தில் அடித்த சிக்ஸரும் ஃபோரும் எல்லோர் கண்ணிலும் ஓடியிருக்க வேண்டும், ஒருவரும் பேசவில்லை.

"கேட் பாஸ்டா" என்றார்.

"திரும்பி வர்ற தேதின்னு ஒரு கட்டம் இருக்குமேண்ணா?"

"அத ஸ்டோர்ஸ்ல கேளு."