கத்திரிக்கு ஏற்ற சுற்றுலா

கத்திரி வெயிலுக்கு விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்கள் வெளியூர் தேட வேண்டியதே இல்லை. திருவக்கரை இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள், அத்தனையும் கல்லாகிவிட்டவை. இலை கொட்டுமே என்ற கவலை கிடையாது. நிழல் வேண்டுமா? மரமே படுத்துத்தான் கிடக்கிறது, நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

அடுத்து செஞ்சி. யுனெஸ்கோவே 2025இல் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லிவிட்டது. மத்தியானம் ராஜகிரி ஏறினால் சூரியனுக்குச் சுமார் 800 அடி கிட்டத்தில் நிற்கலாம், அதுவும் நம் மாவட்டத்திலேயே! மரக்காணத்தில் கடல்நீரே உப்பாகிறது. நம் வியர்வைக்கென்ன, தாராளமாக ஆகும்.

கோட்டை அடிவாரத்தில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவரிடம், “மேல போயிருக்கீங்களாண்ணே?” என்றேன்.

“எங்க சார்... நாளைக்குக் கொடைக்கானல். இ-பாஸ் எடுத்தாச்சு.”