பொருத்தம் பார்க்காத ஜோடி

கேள்வி: நல்ல நாவல், நல்ல இயக்குநர், கண்ணைப் பறிக்கும் ஊர் எல்லாம் இருந்தும் சில காதல் படங்கள் மனசில் ஒட்டாமல் போவது ஏன்?

பதில்: பத்துப் பொருத்தமும் இருந்து மனப்பொருத்தம் இல்லாத கல்யாணம் மாதிரிதான். ‘கேப்டன் கொரெல்லிஸ் மாண்டலின்’ (2001) பாருங்கள். லூயி டி பெர்னியரின் அருமையான நாவல். கதை நடக்கும் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவுக்கே போய் எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் தீவைப் பிடித்த இத்தாலியப் படையின் அதிகாரிக்கும் ஊர் வைத்தியர் மகளுக்கும் காதல். எதிரியை நேசிக்கிறோமே என்ற தவிப்பு அவள் கண்ணில் தெரிந்தாக வேண்டும்.

இத்தாலியராக அமெரிக்கர் நிக்கோலஸ் கேஜ். கிரேக்கப் பெண்ணாக ஸ்பெயினின் பெனலோப் குரூஸ். பேசுவதோ இங்கிலீஷ்! கேஜுக்கு அந்த இத்தாலிய உச்சரிப்பைக் கட்டி மேய்ப்பதே பெரும்பாடு. காதலியைப் பார்க்க ஏது நேரம்? மாண்டலினைத் தொடும்போது அவர் விரலில் வரும் கனிவு, அவளைப் பார்க்கும்போது முகத்தில் வருவதில்லை.

ஆனால் வைத்தியராக ஜான் ஹர்ட்! ஊர்க்காரர் ஒருவரின் காதில் வெகுகாலமாகக் கிடந்த பட்டாணியை எடுப்பாரே, அதில் எத்தனை உயிர்! அவர் மகளிடம் காதலைப் பற்றிப் பேசும்போது குரூஸ் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்கிறார். அப்பா சொன்ன காதலை நம்பினேன். காதலன் காட்டியதை நம்ப முடியவில்லை.

இயக்குநர் ஜான் மேடன் காதல் தெரியாதவரா? ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ (1998) அவர் எடுத்ததுதான். அதில் ஜோசப் ஃபைன்ஸும் க்வினெத் பேல்ட்ரோவும் எதிரெதிரே நின்றாலே நமக்குப் படபடக்கும்.