சுறாவும் பென்குயினும் பெர்சந்தும் வகுப்பும்

எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? கார்னிவல் கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள், பட்டென்று சொல்லும். எட்டு வயது திருக்கை மீன். ஒன்பது வயது சுறா. அஞ்சும் அதற்குக் கீழும் பென்குயின். 12 முதல் 14 வரை ஒரு மன்றம், 15 முதல் 17 வரை இன்னொன்று. ராயல் கரீபியன் கப்பலில் மூன்று வயது நிரம்பினால் மட்டும் போதாது. பிள்ளை கழிப்பறைக்குப் போகப் பழகியிருக்கவும் வேண்டும். நம்மூரில் சில வேட்பாளர்களுக்குக்கூட இவ்வளவு தகுதி கேட்பதில்லை.

விளம்பரத்தில் "குடும்பத்தோடு உல்லாசம்". கப்பலில் ஏறியதும் முதல் வேலை, குடும்பத்தை வயதுவாரியாகப் பிரிப்பது. அண்ணன் ஓர் அறை, தம்பி ஓர் அறை, அப்பாவும் அம்மாவும் கண்காணாத தளத்தில். இரவு பத்துக்கு மேல் பிள்ளையை விட்டுவைத்தால் மணிக்கணக்கில் தனிக் காசு. இருக்கட்டும். கொடுக்கிறவர்கள் கொடுக்கிறார்கள், பிரிக்கிறவர்கள் பிரிக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

என் வயிற்றெரிச்சல் கரையில் இருக்கிறது.

ஆயர் தாவாரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் செம்பனை. அதற்குள் எங்காவது ஒரு தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகை. மலேசியாவில் முப்பது பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கு ஓர் ஏற்பாடு உண்டு: பெர்சந்தும் வகுப்பு. ஆண்டு மூன்றும் ஆண்டு நான்கும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் பின்னம். ஒரு பாதிக்குப் பாடம் நடக்கும்போது மறுபாதி வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டும். திருக்கையும் சுறாவும் இங்கே ஒரே தொட்டியில்.

தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேல் 150 மாணவர் இல்லாதவை. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று மேடையில் கண் கலங்குகிறார்கள். எங்கே போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? பால்மரத்தை வெட்டினார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். சனம் சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் மூட்டை கட்டியது. பள்ளிக்குக் கால் இல்லை, அதனால் அங்கேயே நிற்கிறது.

துரைமாருக்கும் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரிக்கத் தெரிந்துதான் இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் ஒரு கொட்டகை போட்டு, கிராணியையோ கங்காணியையோ வாத்தியாராக்கிச் சட்டத்தின் வாயை அடைத்தார்கள். அதே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி. கூலியைக் குறைக்க வயது தெளிவாகத் தெரிந்தது. பாடம் சொல்லும்போதுதான் கண் மங்கியது. அதற்கும் சின்னதுகள் ஆயாக் கொட்டகையில்: கைக்குழந்தையும் நாலு வயதும் ஒரே கூரைக்குக் கீழ், சேலைத் தொட்டில், ஒரே ஆயா. யாரையும் அவள் பென்குயின் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட நேரமும் இல்லை.

அது வெள்ளைக்காரன் காலம், காசில்லாத காலம் என்பீர்கள். சரி, இப்போது காசு இல்லையா? கப்பலுக்கே இருக்கிறது ஐயா! அதுவும் பக்கத்தில், லுமுட்டில்.

கடற்படைக்கு ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டும் வேலையை 2011ல் கொடுத்தார்கள். விலை 900 கோடி வெள்ளி. 2017ல் முதல் கப்பலுக்கு அரச குடும்பத்தை அழைத்து வெள்ளோட்ட விழாவும் எடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கணக்கைப் பார்த்தது. கொடுத்தது 600 கோடிக்கும் மேல். கைக்கு வந்த கப்பல், ஒன்றும் இல்லை. விழா கண்ட அந்த முதல் கப்பல் உண்மையில் தண்ணீரைத் தொட்டது 2024 மே மாதத்தில்தான்.

2011ல் பிறந்த பிள்ளைக்கு 2022ல் பதினொரு வயது. பென்குயின், திருக்கை, சுறா என்று மூன்று பிரிவையும் பார்த்திருக்கும். கார்னிவலில் ஏறியிருந்தால். ஆயர் தாவார்ப் பக்கம் பிறந்திருந்தால் பெர்சந்தும் அறையில் பாதி கரும்பலகையைப் பார்த்துவிட்டு, மீதிப் பாதிக்கு முறை வருமென்று காத்திருந்திருக்கும். கப்பல் மட்டும் எந்த வயதுப் பிரிவிலும் சேரவில்லை. அன்றைக்கு அது இன்னும் பிறக்கவே இல்லையே!

600 கோடி போன இடத்தைக் கேட்டால் "விசாரணை நடக்கிறது". அறைக்கு நடுவே ஒரு தடுப்பும் இன்னோர் ஆசிரியரும் கேட்டால் "ஒதுக்கீடு இல்லை". இரண்டு பதிலையும் ஒரே முகத்தோடு சொல்லப் பழகிய மக்கள் பிரதிநிதிகளைத்தான் நாம் 'ஒய்.பி.' என்று மாலை போட்டு வரவேற்கிறோம்.

தேர்தல் நெருங்கட்டும். ஆளுயரக் காசோலை அட்டையோடு வண்டிகள் செம்மண் சாலையில் நுழையும். அன்றைக்குப் பிள்ளைகளை வரிசை பிரிப்பதில் ஒரு குழப்பமும் இருக்காது. ஆண்டு ஒன்றும் இரண்டும் முன்னால், தரையில். மூன்றும் நான்கும் முட்டி போட்டு. ஐந்தும் ஆறும் பின்னால் நின்றுகொண்டு. நடுவில், அட்டையைப் பிடித்தபடி, ஒய்.பி.