நாய்க்கு மூன்று வால்

கேள்வி: லத்தீனில் கானினுஸ், கானினா, கானினும் என்று ஒரே சொல்லுக்கு ஏன் மூன்று வேஷம்?

பதில்: மூன்றும் 'நாய்க்குரிய' என்பதுதான். பெயரடை அங்கே கூட்டுக்குடித்தன மருமகள். பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப வாலை மாற்றியாக வேண்டும். பச்சை மரப்பாம்பின் பெயர் ஆண்பால்: கோராலஸ் கானினுஸ். ஐரோப்பியக் காட்டு ரோஜா பெண்பால்: ரோசா கானினா. நாயின் குடலில் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு அன்கிலோஸ்டோமா கானினும். 'மா' என்ற முடிவைப் பார்த்துப் பெண்பால் என்று ஏமாற வேண்டாம். கிரேக்கத்திலிருந்து வந்த அது இரண்டுங்கெட்டான்.

3 பால், 6 வேற்றுமை, ஒருமை பன்மை. மொத்தம் 36 கட்டம்! நல்லவேளை, 'கானினிஸ்' ஒன்றே 6 கட்டங்களில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான நாயோ, ஆணானாலும் பெண்ணானாலும் வெறும் கானிஸ்தான்.