டிரம்ஸ் வாங்கின மாப்ளைக்கு மாமன் சொல்றது

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. டீக்கடையில உன் பேச்சுத்தான். லோடு ஆட்டோவுல டிரம்ஸ் வந்து இறங்குச்சாம், எங்கக்கா ஆரத்தி எடுத்து உள்ள விட்டாளாம். கல்யாணத்துக்குச் சேர்த்த காசுல வாங்கினியாமே? நல்ல யோசனை. டிரம்ஸுக்கு தீபாவளிக்குப் பட்டுப்பொடவை எடுக்க வேண்டியதில்ல. ஹெட்டு, அதான் மேல இழுத்துக் கட்டுற தாளு, அதை மட்டும் மாத்தணும். அந்த ஹெட்டு விலையைக் கடையில கேக்கையில பட்டுப்பொடவையே தேவலைன்னு உனக்கே தோணும், அப்பப் பாத்துக்கலாம்.

நானும் ஒரு காலத்துல திருவிழாக் கச்சேரியில விடிய விடிய வாசிச்சவன். அந்தப் பாத்தியதையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டாக் கேளு. கேக்காட்டி எனக்கு அதுவும் லாபந்தான். நீ கழட்டிப் போடுற சாமான் எதையும் வேணாம்னு சொல்றவன் நான் இல்ல.

மொதல்ல, இது ரிங்கோ ஸ்டார் வாசிச்ச செட்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறதை நிறுத்து. 'மாதிரி'ன்னு ஒண்ணு நடுவுல சேத்துக்கோ. 1964 பிப்ரவரி 9-ஆம் தேதி நியூயார்க்குல எட் சல்லிவன் நிகழ்ச்சியில அவரோட பீட்டில்ஸ் கோஷ்டி வாசிச்சதை ஏழு கோடிச் சனத்துக்கு மேல டிவியில பாத்துச்சு. ரிங்கோ பக்கம் கேமரா திரும்பினா கிக் டிரம் மேல லுட்விக்னு பேரு. அப்புறமென்ன, அந்த ஊருப் பய பூரா அப்பனைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் கடைக்குப் போனான். 1909-ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு சிகாகோவுல ஆரம்பிச்ச கம்பெனி, ராவும் பகலுமா மெஷினை ஓட்டுச்சு. அம்புட்டு செஞ்சிருக்கான்னா அந்தக் காலத்து செட்டு ஒண்ணும் அபூர்வமில்ல மாப்ள. யாரும் கை வெக்காம வந்த செட்டுத்தான் அபூர்வம். உன்னோடது ரயில்வே காலனியில ஒரு ஆங்கிலோ-இந்தியர் வீட்டுப் பரண்ல தூங்கிக் கிடந்தது. அந்தப் பெரியவரு இன்ஸ்டிடியூட் டான்ஸுக்கு வாசிச்சாரு, துடைச்சாரு, துணியைப் போட்டு மூடிட்டாரு. அவரு ஒண்ணும் பண்ணாம விட்டாரு பாரு, அதுக்குத்தான் நீ காசு குடுத்திருக்க. இப்ப உன் கைக்கு வந்திருச்சு. சரி, விடு.

பேட்ஜ் நம்பரை வெச்சு ஜாதகம் பாத்து 1965-னு கண்டுபிடிச்சியாம். அது பேக்டரியில கூடைக்குள்ள கிடந்த பேட்ஜு. கைக்கு எது வந்துச்சோ அதை எடுத்து அடிச்சான், வரிசை எல்லாம் பாக்கல. நம்பர் குத்துமதிப்புக்கு ஆகும், சத்தியத்துக்கு ஆகாது. ஷெல்லுக்குள்ள, டிரம்மோட கூட்டுக்குள்ளதான், டார்ச் அடிச்சுப் பாரு. சிவப்பு மையில தேதி முத்திரை குத்தியிருந்தா அதை நம்பலாம். ஆனா நீதான் உள்பக்கம் அழுக்கா இருக்குன்னு வெள்ளைப் பெயிண்டு வாங்கி வெச்சிருக்கியே! அடி மாப்ள, ரெண்டு கோட்டா அடி. அறுபதுகள்ல அந்தக் கம்பெனிக்காரனே உள்ள வெள்ளை அடிச்சுத்தான் அனுப்பினான். அவன் அடிச்ச வெள்ளை பழுப்பேறிக் கிடந்தா பணம். நீ அடிச்ச வெள்ளை பளிச்சுனு இருந்தா பேரீச்சம்பழம்.

பித்தளை பேட்ஜை எங்கக்கா புளி போட்டுத் தேய்ச்சுட்டாளாமே? குத்துவிளக்கு மாதிரி மின்னுதாம். கையெழுத்துப் போட்ட பத்திரத்தைச் சோப்புப் போட்டு அலசுன கணக்குத்தான். போனது போச்சு. மத்த பேட்ஜையாவது அவ கண்ணுல படாம வை.

ரிம்மு துருவுக்கு உப்புத்தாள் போடாத. பார்சல் கட்டுற சில்வர் பேப்பரைக் கசக்கித் தண்ணியில முக்கி, மெதுவாத் தேய். அலுமினியம் குரோமை விட மெத்து, கீறாது. கறுப்பா ஒரு சேறு வரும், அதைத் துடைச்சா துரு போயிருக்கும். ஆனா அடியில கம்பி வெச்ச ஸ்னேர் டிரம்மோட ஷெல்லு பக்கம் அந்த வேலையை எடுத்துக்கிட்டுப் போகாத. அது அலுமினியத்து மேல குரோம் முலாம். அந்த மாடலு வயசானாப் பொரிப் பொரியாக் குழி விழும், அது அதோட பிறவிக் குணம். நீ தேய்க்கத் தேய்க்க முலாம் சில்லுச் சில்லா உரிஞ்சு கையோட வரும். ஈரத்துணி, காஞ்ச துணி, அம்புட்டுத்தான் வைத்தியம். மத்த டிரம்மு மேல சுத்தியிருக்கிற முத்துப் பட்டையும் அப்படித்தான். தின்னர், நகப்பூச்சு அழிக்கிற தண்ணி ரெண்டுல எது பட்டாலும் கரைஞ்சு கூழாயிரும். மொட்டை மாடி வெயில்ல காய வெச்சா மஞ்சளடிச்சுச் சுருங்கும். இதெல்லாம் உனக்குத் தெரியாமலா இருக்கும்? தின்னர் பாட்டில் வாங்கினது சன்னலுக்கு அடிக்கத்தான், நான் நம்புறேன்.

டென்ஷன் ராடு, வாஷர், லக்கு எல்லாத்தையும் கழட்டி ஒரே வாளியில கொட்டியிருக்கியாம். அபாரம். எது எந்த டிரம்மோடதுன்னு கண்டுபிடிக்கிறதுலயே ஐப்பசி மழை முடிஞ்சிரும், வீட்டுல பொழுது போகும். வெவரம் இல்லாதவய்ங்க மட்டுந்தான் ஒரு டிரம்முக்கு ஒரு கவர்னு பேரு எழுதிப் போட்டு வெப்பாய்ங்க. ராடு போய்த் திருகுற லக்குக்குள்ள சின்ன ஸ்பிரிங் இருக்கும், பாத்தியா? நீ டாமை அடிக்க, அது உள்ள இருந்து 'கிர்ர்'னு பாடும். ஒரு துளி பஞ்சை அதுக்குள்ள அடைச்சா வாயை மூடிக்கும். ராடு மரைக்குக் கொஞ்சம் வாசலினைத் தடவு. தேங்கா எண்ணெய் வேணாம், தூசியைக் கூட்டிச் சிக்கு வைக்கும்.

இப்பச் சொல்றதை மட்டும் நையாண்டி இல்லாம சொல்றேன், காதைக் குடு. ஒரு டிரம்மோட சத்தம் ஹெட்டுல மட்டும் இல்ல, ஷெல்லோட விளிம்புலயும் இருக்கு. ஹெட்டு போய் உக்காருற ஓரம் அது. அது மட்டமா இல்லாட்டி அமெரிக்காவுல இருந்தே ஹெட்டு வரவழைச்சாலும் டியூன் நிக்காது. பாக்குறதுக்கு வெளியூர் போக வேணாம். உங்க வீட்டு அடுப்பங்கரையில கிரானைட் மேடை இருக்குல்ல? ராத்திரி அக்கா தூங்கினப்புறம் துடைச்சுட்டு ஷெல்லை அது மேல கவுத்து வை. லைட்டை அணைச்சுட்டு உள்ள டார்ச்சை விடு. விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவுல எங்க வெளிச்சம் கசியுதோ அங்க பள்ளம். ஒரு தாள் நுழையற அளவுன்னா பேசாம விட்டுரு, இந்த வயசுல எனக்கும்தான் அங்கங்க பள்ளம் இருக்கு. அதுக்கு மேல போனா, மரவேலை தெரிஞ்ச, அதுலயும் டிரம் ஷெல்லைத் தொட்டுப் பழகின ஆளைத் தேடு. எமிரித்தாளோட நீ உக்காராத.

ஸ்னேரைக் கவுத்துப் பாக்கையில கீழ் விளிம்புல நேரெதிரா ரெண்டு எடத்துல வெளிச்சம் நல்லாவே கசியும். 'ஐயோ, தேஞ்சு போச்சே'ன்னு அரத்தை எடுத்துராத சாமி. அந்தப் பள்ளம் வேணும்னே வெச்சது. ஸ்னேர் கம்பி அது வழியா இறங்கித்தான் அடி ஹெட்டுல படிஞ்சு ஒட்டிக் கிடக்கும். அதை மட்டம் தட்டுனா கம்பி தூக்கிக்கிட்டு நிக்கும், நீ 'சரக்'குனு அடிச்சா அது 'லொட்டு'ன்னு பதில் சொல்லும். அந்த வேலையைப் பாத்து ஒரு ஸ்னேரைத் தகர டப்பாவாக்கின மகராசன் ஒருத்தனை எனக்குத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன், நம்ம சொந்தக்காரன்.

ஹெட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துல கன்னுக்குட்டித் தோலுதான். மழை வந்தா தொய்யும், வெயில் வந்தா விறைக்கும். பறை அடிக்கிறவங்க வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கிட்டே இருப்பாங்க இல்ல, அதே பாடுதான் வெள்ளைக்காரனுக்கும். அவன் நாசூக்கா கிக் டிரம்முக்குள்ள கரண்டு பல்பைப் போட்டுச் சூடு காட்டினான். 1950-கள் கடைசியில ரெமோ பெல்லியும் சிக் எவன்ஸும் பிளாஸ்டிக் தாளுல ஹெட்டு போட்டப்புறந்தான் மழைக்கும் டிரம்ஸுக்கும் இருந்த சண்டை தீந்துச்சு. உன் செட்டு பிளாஸ்டிக் காலத்துது, அதனால வீரத்தைக் காட்டுறேன்னு நெருப்புப் பக்கம் கொண்டு போகாத. பழைய முத்துப் பட்டை பத்துச்சுன்னா நீ தண்ணி கொண்டாறதுக்குள்ள சாம்பலாயிரும். இன்னொண்ணு, அந்தக் காலத்து ஷெல்லு சிலது ஒரு நூல் பெருசா இருக்கும். இப்ப வர்ற ஹெட்டு இறுக்கிப் பிடிக்கும். உள்ள போகலைன்னு குத்து விடாத. ஹெட்டு ஷெல்லு மேல தளர்வா மிதக்கணும். மிதக்கலைன்னா பழைய செட்டுக்குன்னே கொஞ்சம் அகலமாப் போட்ட ஹெட்டு இருக்கு, அதைக் கேட்டு வாங்கு.

டியூன் பண்றதுக்கு மொதல் நிபந்தனை, வீட்டுல யாரும் இருக்கக் கூடாது. ராடெல்லாம் விரலாலயே திருகு, ஓரம் தொட்ட எடத்துல நிறுத்து. அப்புறம் கீயைப் போட்டு, ஒண்ணு திருகினா அதுக்கு நேரெதிர்ல ஒண்ணு, அரைச் சுத்து, அரைச் சுத்து. உன் டாமுக்கு ஆறு லக்கு, ஸ்னேருக்குப் பத்து. வரிசையாச் சுத்திக்கிட்டே போனா ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் வாயைக் கோணிக்கும். நடு உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கு, 'படக்'னு பசை விடுற சத்தம் கேக்கும். பயந்து கையை எடுத்துராத, ஹெட்டு உக்காருது. அதுக்கப்புறம் நடுவுல ஒரு விரலை லேசா வெச்சுக்கிட்டு ஒவ்வொரு லக்குக்கும் ஒரு அங்குலம் உள்ள தள்ளி குச்சி முனையால தட்டு. எது இறங்கிப் பேசுதோ அதை ஏத்து, எது கூவுதோ அதை இறக்கு. எல்லா எடத்துலயும் ஒரே குரலு வரணும். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமா வெச்சுத் தட்டி சுருதி சேப்பாரே, அவருக்காவது பாடகர் சுருதின்னு ஒண்ணு இருக்கு, இதுக்கு அதுவும் இல்ல. கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வா. ஒரு எடத்துல ஷெல்லே தானா வாயைத் திறந்து முழங்கும். அங்க நிறுத்து. அதுக்கு மேல ஒரு சுத்து வெச்சா நல்லா இருக்குமேன்னு கை நமநமங்கும் பாரு, அந்தக் கையைச் சட்டைப் பைக்குள்ள விட்டுரு.

அடி ஹெட்டை மேல் ஹெட்டு அளவுக்கே வெச்சா சத்தம் நீளமா இழுக்கும். கொஞ்சம் ஏத்தி வெச்சா சுருக்கமா முடியும். டாமை அடிக்கையில ஸ்னேர் சும்மா இருக்காம 'ஸ்ஸ்ஸ்'னு ஒத்து ஊதும். அதைத் திட்டிப் பிரயோசனம் இல்ல, டாமோட குரலைக் கொஞ்சம் மாத்து. இல்லாட்டி ஸ்னேர் அடிப்பக்கம் கம்பிக்கு ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற ராடை ஒரு கால் சுத்து தளத்து. கிக் டிரம்முக்குள்ள தலகாணி திணிச்சிருக்கியாம், அதுவும் அக்காவோட இலவம்பஞ்சுத் தலகாணி. ரிங்கோவே பின்னாடி ரெக்கார்டிங்ல டிரம்ஸ் மேல துண்டைப் போட்டுத்தான் வாசிச்சாருன்னு எனக்கே பாடம் எடுக்குற. அவரு மைக்குக்காக மூடினாரு. நீ டியூன் ஆகாததை மூடுற.

எல்லாம் முடிஞ்சு நீ உக்காந்து வாசிக்கையில, ரிங்கோ மாதிரி கேக்கலையேன்னு மறுபடியும் கீயைத் தூக்காத. சிவமணி தண்ணி கேனைத் தட்டுனாலே சனம் எந்திரிச்சுக் கை தட்டுது. அவர் கேனுக்கு எந்த வருசத்து பேட்ஜ்னு யாரும் கேக்கல.

அப்புறம், டாமுக்குள்ள ஒரு கம்பியில ஃபெல்ட்டு மெத்தை வெச்ச மஃப்ளர் இருந்துச்சே, வெளிய குமிழைத் திருகினா ஹெட்டுல போய் ஒட்டுமே, அது கடகடங்குதுன்னு கழட்டிட்டேன்னியே, எங்க? குப்பையிலயா? அடப்பாவி, எடுத்து வை. பழைய ஹெட்டு, வளைஞ்ச ரிம்மு, நீ ஆகாதுன்னு ஒதுக்கின ராடு எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டு நாளைக்குக் கொண்டா. ஸ்னேரையும் அப்படியே எடுத்துட்டு வா, கம்பியை நான் சரி பண்ணித் தர்றேன். திருவிழா முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ. எந்த வருசத் திருவிழான்னு மட்டும் கேக்காத.