குதிரை திருடியவர் நோட்டில்!

கேள்வி: சின்ன வயதில் திருடி, தண்டனையாகக் கடல் கடத்தப்பட்டவர் யாராவது பிற்பாடு தலையெடுத்தது உண்டா?

பதில்: ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டை எடுத்துப் பாருங்கள். வட்டக் கண்ணாடியோடு, சாந்தமான பாட்டியாக இருப்பவர் மேரி ரீபி. ஆசாமி குதிரை திருடியவர்!

இங்கிலாந்தில் பிடிபட்டபோது ஆண்பிள்ளை வேஷம், பெயர்கூட ‘ஜேம்ஸ் பர்ரோ’. பதினாலு வயதைத் தாண்டாத பெண்குழந்தை. அந்தக் காலத்தில் குதிரைத் திருட்டுக்குத் தூக்குக்கயிறே உண்டு. இவருக்கு ஏழு வருஷ நாடு கடத்தல். ஏழு வருஷம் என்பது பேருக்குத்தான். தண்டனை முடிந்தால் திரும்பக் கப்பல் கட்டணம் யார் தருவது? பெரும்பாலோருக்கு அது ஆயுளுக்கும் ஊரை மறக்கச் சொன்ன தீர்ப்பு. ஒரு குழந்தைக்கு இதைக் கொடுத்த சட்டத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1792இல் சிட்னி. ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. 1794இல் தாமஸ் ரீபியோடு கல்யாணம். 1811இல் கணவர் இறந்தபோது கையில் ஏழு குழந்தைகள். கடை, கப்பல், நிலம் எல்லாவற்றையும் தானே கட்டி ஆண்டார். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி முதன்முதலாகக் கதவு திறந்தது இவருக்குச் சொந்தமான கட்டடத்தில். திருட்டுக்காக வந்தவரை நம்பி ஊரே பணத்தைக் கொண்டுபோய் வைத்தது!

1820இல் மகள்களைக் கூட்டிக்கொண்டு, சொந்தக் காசில் இங்கிலாந்து போனார். பிறந்த மண்ணைப் பார்த்துவிட்டுச் சிட்னிக்கே திரும்பினார். வியாபாரம் காத்திருந்ததே!